அசையாத ஆதனம்

கல்முனைக்குடியின் மேற்குக் கடைசி ஒழுங்கையில், வயல்வெளியான வட்டை தொடங்குகிற இடத்தில் இருந்த ஷரிபுதீனின் வீடு, முந்தின வருஷத்து மாரிக்கும் நோன்புக்கும் இடையில் பதினொரு அடி மேற்கே நகர்ந்தது. அதே மாதங்களில் தேங்காய் ஒன்று இருநூறு ரூபாயைத் தாண்டிவிட்டதால் ஊர் தேங்காயைப் பற்றித்தான் கூடக் கதைத்தது. ஷரிபுதீனின் வீடு என்று சொல்வதும் வாய்ப்பழக்கம்தான். இந்தக் கிழக்குக் கரையில் ஆம்பிளைக்கு ஏது வீடு? பிறந்த வீட்டைத் தங்கச்சிக்கு விட்டுவிட்டு, கலியாணம் முடித்த வீட்டுக்குப் போய்ச் சேருகிறவன் அவன். வீடு பெண்பிள்ளைக்கு, அதன் பத்திரமான உறுதியும் அவ பெயரில். வெளியூரார் கேட்டால், அடடா பொம்பிளைக்கு எவ்வளவு மதிப்பு என்பார்கள். மதிப்புத்தான், யார் இல்லை என்றது? ஆனால் மகளுக்கு மாப்பிள்ளை பேசத் தொடங்கினால் அதே உறுதியை மகள் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு உம்மா பாயைச் சுருட்ட வேண்டும். ஷரிபுதீனின் மனைவி முனவ்வறா அப்படிச் சுருட்டியே ஐம்பது வயதைத் தொட்டவ. சின்னதில் மூத்த ராத்தாவின் கலியாணத்துக்காக அடுப்படிச் சாய்ப்புக்கு எழும்பினா. தனக்கென்று கட்டின வீட்டை மூத்த மகள் றிபாவுக்குக் கொடுத்துவிட்டு எழும்பினா. இப்போது இளையவள் அப்னாவுக்காகக் கட்டின வீட்டில், சுவரில் பெயின்ற் காயுமுன்னமே, எப்போது எழும்புவது என்று பார்த்துக்கொண்டிருந்தா.

எழும்பிப் பழகின உடம்பு குந்தாது. உலையை வைத்துவிட்டு முற்றம் கூட்டுவா, கூட்டினது பாதியில் கிடக்க கோழிக்குத் தீன் போடுவா, தீன் சட்டியை மதிலில் வைத்துவிட்டு றிபா வீட்டுக்கு நடப்பா, அங்கே போய்ப் பிளேன்ரீ ஆறுமுன்னம் திரும்பி வருவா. 'உனக்குக் கால்ல சக்கரமா கட்டி இரிக்கி?' என்று ஷரிபுதீன் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். அப்படிப்பட்டவ ஒரு நாள் அப்னாவின் போனில் ஒரு குளிர்நாட்டு மனிசி மடியில் சின்னத் தறியை வைத்து நெய்வதைக் கண்டா. முனவ்வறா பார்த்தது துணியை இல்லை. அரை மணித்தியாலமாக அந்த மனிசி இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை, யாரும் எழும்பச் சொல்லவும் இல்லை, அதைத்தான் பார்த்தா. 'எனக்கும் ஒண்டு எடுத்துத் தா மகள்' என்றா. கொழும்பிலிருந்து பார்சல் வந்தது. நூல் வாங்க மருதமுனைக்குத் தறியையும் காவிக்கொண்டு போனா. நூல் கடைக்காரி ஸம்றா பிறந்தது முதல் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள், ஆள் உயரத் தறிகளுக்கு நடுவில் இருப்பவள். அவள் பார்சலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இதென்ன ராத்தா, இடியப்ப உரலா?' என்று கேட்டாள். 'ஓம், உனக்கும் ரெண்டு தட்டுப் பிழிஞ்சி தாறன்' என்று முனவ்வறா நூலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டா.

பிழை முதல் நாளே நடந்தது. நெய்யுமுன் நூலை நீட்டி இழுத்துக் கட்ட வேண்டும், அதுதான் பாவு. வீடியோவில் அந்த மனிசி இங்கிலீஷில் சொன்னதை அப்னா தமிழாக்கிச் சொன்னாள்: 'தறிய ஒரு பக்கம் வெச்சிட்டு, நூல்ட மத்தத் தொங்கல அசையாத ஒண்டுல கட்டட்டாம் உம்மா.' அசையாத ஒன்று! வேறு ஊர்ப் பொம்பிளை என்றால் மேசைக்காலில் கட்டியிருப்பா, மரத்தில் கட்டியிருப்பா. முனவ்வறா வாழ்க்கையில் அந்தச் சொல்லைக் கேட்டது உறுதி எழுதுகிற இடத்தில் மட்டும்தான். தனக்கு எழுதும்போதும் றிபாவுக்கு எழுதும்போதும் நொத்தாரிசு மூக்கால் வாசித்தார், 'கீழே விபரிக்கப்படும் அசையாத ஆதனம்' என்று. அசையாதது என்றால் வீடு. அசைகிறது என்றால் பொம்பிளை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மேற்கு ஜன்னல் கம்பியில் நூலை இறுக்கி முடிந்துவிட்டு, வட்டைப் பக்கத்து வேலிக்கு அப்பால் பாயைப் போட்டு, தறியை மடியில் வைத்துக் குந்தினா. பாவு கட்டின பிறகு அந்த முனைத் தொங்கலைக் கழற்றித் தறியின் பின் உருளையில் சுற்ற வேண்டும் என்று வீடியோ சொல்லத்தான் செய்தது. அந்த இடம் வருமுன்னம் டேட்டா முடிந்துவிட்டது.

நெசவு லேசில் வசப்படவில்லை. அச்சைத் தூக்கி நாடாவை ஓட்ட வேண்டும், இறக்கி ஓட்ட வேண்டும், தட்ட வேண்டும். தூக்க வேண்டிய நேரம் இறக்கினா. இறுக்கி இழுத்ததால் துணி நடுவில் இடுப்புச் சிறுத்துப் போனது, தளர விட்டால் கரை காது காதாகத் தொங்கியது. ஷரிபுதீன் அதைத் தலையில் வைத்துப் பார்த்து, 'தொப்பியும் இல்ல, துவாயும் இல்ல' என்று சிரித்தார். ஆனாலும் முனவ்வறா எழும்பவில்லை. பின்னேரத்து அஸர் பாங்கு சொல்லும்வரை இருந்த இடத்தில் இருந்தா. நெய்தது நீள நீள முன் உருளையைத் திருகிச் சுற்றினா, பல்லுச்சக்கரம் டிக் என்று விழுந்தது, நூல் எப்போதும் விறைப்பாகவே நின்றது. அது தன் கைப்பக்குவம் என்று அவ நினைத்தா. உண்மையில் ஒவ்வொரு டிக்குக்கும் வீடு கொஞ்சம் கொஞ்சமாக அவவை நோக்கி வந்துகொண்டிருந்தது.

முதலில் பட்டது ஷரிபுதீனுக்கு. வாசற்படி நின்ற இடத்திலேயே நின்றது, வீடு மட்டும் போனது. சுபஹுத் தொழுதுவிட்டு வந்து படியில் ஏறி உள்ளே கால் வைக்க நாளுக்கு நாள் எட்டி வைக்க வேண்டியிருந்தது. வயதாகிவிட்டது, கால் கட்டையாகிறது என்று நினைத்து அவர் நல்லெண்ணெய் பூசிக்கொண்டார். குழாய் கழன்றபோது பிளம்பரை ஏசினார்கள். கடைசியில் கிழக்குப் பக்கத்து வளவுக்காரன் சீனிமுகம்மதுதான், தன் மதிலுக்கும் அந்த வீட்டுக்கும் இடையில் மூன்று வரிசை வாழை வைக்கலாம் போல இடம் கிடப்பதைக் கண்டு, அளவுநாடா கொண்டுவந்து அளந்தான். ஷரிபுதீனைக் கூப்பிட்டு, 'காக்கா, உங்கட ஊடு போகுது' என்றான். 'எங்க?' என்று கேட்டார் ஷரிபுதீன். 'ராத்தா இரிக்கிற பக்கம்.' எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். முனவ்வறா உருளையைத் திருகினா. டிக். ஜன்னல் கொஞ்சம் கிட்ட வந்தது. ஷரிபுதீன் தாடியைத் தடவி யோசித்துவிட்டு, 'நூல்ட ரெண்டு தொங்கல்ல ஒண்டு அசையாம இருந்தா மத்தது வரத்தானே வேணும். இவள் முதல் தடவையா ஒரு இடத்துல குந்தி இரிக்காள்' என்றார். சீனிமுகம்மது அடுத்த நாளே வாழைக்குட்டி வாங்கப் போனான்.

முனவ்வறாவுக்கு உள்ளுக்குள் என்ன நடந்தது என்று கேட்டால், சந்தோசம் நடந்தது. வேறென்ன? அவ விட்டுப் போன வீடுகள்தான் எல்லாம், அவவைத் தேடி ஒரு வீடு வருவது இதுதான் முதல். 'வா வா' என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லுவா, கோழியைக் கூப்பிடுகிற மாதிரி. கரையும் அந்த நாட்களில்தான் நேராக வந்தது. ஸம்றா ஒரு நாள் வந்து, துணியை விரலால் தடவிப் பார்த்து, 'இடியப்ப உரல் மோசமில்ல' என்று ஒப்புக்கொண்டாள்.

ஆனால் வீடு அப்னாவுடையது. நோன்புப் பெருநாள் கழிந்து கலியாணக் காவின் எழுத நாள் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளை அப்ராஸ், சாய்ந்தமருதுப் பொடியன், கணக்காளர் வேலை. உறுதியை அப்னா பெயருக்கு மாற்ற நொத்தாரிசு வந்தார், எல்லைகளை வாசித்தார், வீட்டைப் பார்த்தார், திரும்பவும் வாசித்தார். வீட்டின் மேற்குப் பக்கம் எல்லைக்கு வெளியே வட்டைக்குள் நின்றது. 'காக்கா, அசையாத ஆதனத்துக்குத்தான் நான் உறுதி எழுதலாம். இது அசையிது. மாடு விக்கிற மாதிரி ஒரு துண்டு எழுதித் தரட்டா?' என்றார். பகிடி இல்லை, மனிசன் மெய்யாகத்தான் கேட்டார். செய்தி சாய்ந்தமருதுக்குப் போனது. அப்ராஸின் உம்மா கமீலா அன்றைக்கே வந்துவிட்டா. 'ஊடு முதல்ல ஒரு இடத்துல நிக்கட்டும். மறுகா காவினப் பாப்பம். என்ட புள்ள வேலைக்குப் போய்ட்டு வந்து ஊட்டத் தேடித் திரிய ஏலா' என்று சொல்லி, வைத்த பிளேன்ரீயைக் குடிக்காமல் போனா. பிளேன்ரீ குடிக்காமல் போனால் என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்னா உம்மாவை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் முனவ்வறா திருப்பி ஏசி ஆறியிருப்பா. பிள்ளை முகம் கழுவிவிட்டு வந்து கண் சிவந்து சோறு பிசைந்ததை அவ பார்த்துக்கொண்டிருந்தா. அன்று பின்னேரம் தறியை மடியில் வைத்தா, நெய்வதற்கு இல்லை, அவிழ்ப்பதற்கு. உருளையைக் கொஞ்சம் தளர்த்த வீடு கொஞ்சம் கிழக்கே போனது. குறுக்கே ஓடின ஊடு நூலை ஒவ்வொன்றாக உருவினா. முதலில் உருவியது கடைசியாக நெய்த துண்டு, நேர்க்கரை வந்த துண்டு. அழுகை வந்தது. வராமல் என்ன செய்யும், அந்தக் கரைக்காக அவ பட்ட பாடு அவவுக்குத்தானே தெரியும். 'ஒரு சாண் துணிக்கு இப்படி அழுவாங்களா?' என்று ஷரிபுதீன் பக்கத்தில் வந்து குந்தினார். 'துணிக்கு இல்லங்க. வந்த ஊட்ட நானே போ எண்டு சொல்றன்' என்றா. அவர் கையை நீட்டினார். உருவின நூலை வாங்கிப் பந்தாகச் சுற்றிக்கொண்டிருந்தார். உருவ உருவ வீடு ஒழுங்காகப் பின்வாங்கிப் போனது, வாசல் வந்து படியில் பொருந்தியது, சீனிமுகம்மதின் வாழைக்குட்டிகள் சுவருக்கடியில் நசிந்தன. நொத்தாரிசு வந்து அசையாத ஆதனம் என்று எழுதினார். கமீலா வந்து பிளேன்ரீ குடித்தா. காவின் நடந்தது, ஆட்டிறைச்சிச் சாப்பாடு, குறைசொல்ல ஒன்றும் இல்லை.

கலியாணம் முடிந்து புதுமாப்பிள்ளை வீட்டுக்கு வந்த கிழமையே முனவ்வறா பாயைச் சுருட்டினா. போக இடம், சவளக்கடையில் ஷரிபுதீன் வேளாண்மை செய்கிற காணியில் இருந்த வாடி. ஓர் அறை, ஒரு சாய்ப்பு, ஒரு கிணறு. 'நான் போகச் சொல்லல்லயே உம்மா' என்றாள் அப்னா. 'யாருமே சொல்றல்ல மகள். எங்கட உம்மாவும் கேக்காமத்தான் போனா.' லொறியில் சாமான் ஏற்றியாயிற்று, தறியையும் ஏற்றியாயிற்று. நூல் மட்டும் ஜன்னல் கம்பியில் முடிந்தபடி கிடந்தது. முனவ்வறா கத்திரிக்கோலைக் கொண்டு போனா. அப்னா அதைக் கையிலிருந்து பறித்தாள். கலியாணப் பொண்ணு, மருதோன்றி இன்னும் மங்கவில்லை, தெருவே பார்க்கக் கத்தினாள்: 'வெட்டாதீங்க! எத்தின ஊட்டத்தான் உட்டுப் போவீங்க நீங்க? இது புறகால வரட்டும்!' முனவ்வறா மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தா, வீடு அசைவதில் பிணங்கியது அவன் பக்கம்தானே. அப்ராஸ் சங்கோசமாகத் தலையைச் சொறிந்தான். 'நான் எப்படியும் வாற மாப்பிள்ளதானே மாமி. ஊடு எங்க நிக்கிதோ அங்க வாறன்' என்றான். கமீலாவுக்கு இது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது வீடு வேலியைத் தாண்டியிருந்தது, தாண்டின வீட்டில் மருமகள் மசக்கையாக இருந்தாள், அவ என்ன சொல்ல?

லொறி கிட்டங்கிப் பாலத்தால் போனபோது நூல் பின்னால் இழுபட இழுபட வந்தது. அவ்வளவு நூல் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஷரிபுதீன் சுற்றின பந்துதான், வேறு நூல் யாரும் வாங்கவில்லை. இப்போது அது சவளக்கடை வாடியிலிருந்து வட்டைக்கு மேலால் நீண்டு கிடக்கிறது. காலையில் அதில் மீன்கொத்தி குந்துகிறது. வேளாண்மைக்காரர் முதலில் சத்தம் போட்டார்கள், பிறகு போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். கதிர் முற்றின நேரத்தில், 'ராத்தா, வெட்டு முடியும்வரைக்கும் கொஞ்சம் பொறுங்க' என்பார்கள், முனவ்வறா பொறுப்பா. சூடடித்த பிறகு மளமளவென்று நெய்வா. வீடு வரம்புகளைத் தாண்டி நடக்கும், உள்ளே அப்னா பிள்ளைக்குப் பால் கொடுப்பாள், அப்ராஸ் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய், பின்னேரம் நூலைப் பிடித்துக்கொண்டே வந்து சேருவான். போன மாரியில் கிட்டங்கியில் தண்ணீர் மேவினபோது வீடு கரையில் நின்றது. அந்த நாட்களில் அப்னா பிள்ளையின் துணிகளை அந்த நூலில்தான் காயப்போட்டாள். உறுதி அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது, அதில் எழுதின எல்லைகளுக்குள் சீனிமுகம்மது திரும்ப நட்ட வாழைகள் குலை தள்ளிவிட்டன.

துணி இப்போது தலையணைப் பருமனுக்குச் சுருண்டிருக்கிறது, கரை நூல் பிடித்த மாதிரி நேர். சவளக்கடையார் வேலிப்பக்கத்தால் போகும்போது, 'ஊடு எவடத்த வருது ராத்தா?' என்று கேட்பார்கள். முனவ்வறா இருந்த இடத்தை விட்டு எழும்பாமல், நூலை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, 'கிட்டங்கி தாண்டிட்டு. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்திடும், இன்ஷா அல்லாஹ்' என்பா. கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டளவு இடத்தைப் புல் செதுக்கி வைத்திருக்கிறா. அதில் ஷரிபுதீனை நெல் காயவைக்கக்கூட விடுவதில்லை. போன வெள்ளிக்கிழமை றிபா வந்தாள். வழமையாக வட்டிலப்பம் கொண்டு வருகிறவள், அன்றைக்குக் கையில் ஒரு நூல்தொங்கலைப் பிடித்துக்கொண்டு வெயிலுக்குள்ளால் நடந்தே வந்தாள். ஊருக்கு நடுவில், நாலு பக்கமும் மதில் சூழ இருக்கிற தன் வீட்டு ஜன்னலிலிருந்து கொண்டு வந்தது அது. முகத்தைத் துடைத்துவிட்டு, 'அசையாத ஒண்டுல கட்டினன் உம்மா' என்று நீட்டினாள். முனவ்வறா நூலை வாங்கித் தறியில் முடிந்தா. முடிந்த கையோடு, 'இஞ்சேருங்க, அந்த மம்மட்டிய எடுங்க' என்று ஷரிபுதீனைக் கூப்பிட்டா. இருவருமாகச் சேர்ந்து அஸருக்குள் இடத்தை இரண்டு வீட்டளவுக்கு அகலமாக்கினார்கள்.