ஜன்னலைத் தாண்டிப் போன பாட்டு

சவப்பெட்டியை வாசலுக்குத் தூக்கி வந்தபோது, கறுப்புத் தலைத்துணி கட்டிய ஐந்து பெண்கள் தெருவில் வந்து நின்றார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

"உங்க வீட்டுக்காரர் கோயில் பக்கம் தலைவச்சுப் படுக்காதவர்தான்மா. அதுக்காகப் பாட்டில்லாம அனுப்பிர முடியுமா?" என்றாள் மூத்தவளான அபோலேனா.

ஹெத்விகா தலையசைத்தாள். கணவர் ஓல்ட்ரிக் உயிரோடிருந்தால் தையத்தக்கா என்று குதித்திருப்பார். செக் நாட்டின் இந்த மொராவியக் கிராமத்துக்கு அவர்கள் குடிவந்ததே தேவாலயப் பரணில் கிடந்த இசைத்தாள்களுக்காகத்தான். க்ராபல் என்று ஒருவர், இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன் இங்கே பிரபுவின் மாளிகையில் வாசித்தவர். ஆறு சிம்பொனிகள் எழுதிவிட்டுச் செத்தார். பிறகு அவரை நாய்கூடச் சீந்தவில்லை. எலி தின்றதுபோக மிஞ்சிய தாள்களை வாத்தியம் வாத்தியமாகச் சேர்த்து, ஓல்ட்ரிக் ஐந்தை மீட்டுவிட்டார். ஆறாவதில் மாட்டிக்கொண்டார். அதன் மெதுவான பகுதிக்கு முதல் வயலின் தாள் இல்லை. மெட்டே அதில்தான் இருந்தது. மற்ற வாத்தியங்கள் மாப்பிள்ளை வராத கல்யாண வீட்டுக் கூட்டம்போலத் துணைக்கு நின்றன.

வாரந்தோறும் வீட்டில் வாசித்துப் பார்ப்பார்கள். ஹெத்விகாவுக்கு செல்லோ. ஓல்ட்ரிக் வயலினைத் தோளில் வைத்தபடி மெட்டுக்காகக் காத்திருப்பார். தெருவில் சவ ஊர்வலம் வந்தால், "இந்த ஒப்பாரிக்கு நடுவுல மனுஷன் யோசிக்கிறதா?" என்று எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார்.

வசந்தத்தில் கச்சேரி. ஓல்ட்ரிக்கின் தம்பி வெந்தெலின் நடத்துகிறான். "அண்ணி, அந்தப் பகுதிய விட்டுட்டு மிச்சத்த வாசிச்சிரலாம். அண்ணனே போயிட்டாரு" என்று காலையில்தான் சொன்னான்.  அவரோடு அதையும் புதைக்கச் சொல்கிறானே என்றிருந்தது அவளுக்கு.

ஊர்வலம் நகர்ந்தது. பெண்கள் பாடத் தொடங்கினார்கள். இரண்டாவது வரியில் ஹெத்விகாவின் இடக்கை விரல்கள் கோட்டுப் பைக்குள் செல்லோத் தந்தியை அழுத்துவதுபோலத் தாமாக அசைந்தன. மூன்றாவது வரி எங்கே இறங்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அங்கேயே இறங்கியது.

அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பிறகு சிரித்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, சிரிப்பும் நிற்கவில்லை.

"அண்ணி, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நீ வாய மூடிட்டுப் பாட்டக் கேளுடா." அந்தப் பாட்டுக்கு அடியில் தன் செல்லோ வரியை முனகிக் காட்டினாள்.

வெந்தெலினின் முகம் மாறியது. "ஐயோ அண்ணி! யாரோ நம்ம மெட்டுல சாவுப் பாட்டு கட்டியிருக்காங்க!"

"பாவி மனுஷன், இதத் தேடறதுக்காக இதுக்கே ஜன்னலச் சாத்தினாரேடா."

கல்லறையில் பெட்டியைக் கயிற்றில் ஏந்தினார்கள். பாட்டு முடிந்தது. ஹெத்விகா அபோலேனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, இன்னொரு தடவ பாடுங்க."

"குழிப் பாட்ட ரெண்டு தடவ பாடக் கூடாதும்மா. இன்னொரு சாவு விழும்."

"இந்தப் பாட்டத்தான் அவரு சாகற வரைக்கும் தேடினாரு."

"எத, இதயா?" அபோலேனா வாயைப் பிளந்தாள். "தெருவுல பாடிட்டுத்தானே போனோம்! ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்போமே!"

மற்ற நால்வரையும் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டு, தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள்.

"மெதுவாப் பாடுங்க அத்தை" என்று வெந்தெலின் தன் சட்டைக் கையை இழுத்துவிட்டு, அந்த வெள்ளைத் துணியிலேயே இசைக்குறிப்பு எழுதப் பேனாவால் ஐந்து கோடுகள் போட்டான். ஹெத்விகா கீழ்க்குரலில் தன் வரியைப் பிடித்துக்கொண்டாள். கயிற்றுக்காரர்கள் பெட்டியை இறக்காமல் ஏந்தி நின்றார்கள்.