மாப்பிள்ளை திருத்திய உலகம்

அருங்காட்சியகத்து ஆள் வருகிறார் என்று தங்கை சொல்லி அனுப்பினாள். நான் போய் முதலில் செய்த காரியம், அவள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி உள்ளே வைத்ததுதான். படித்தவன் கண்ணில் பட்டதெல்லாம் பழம்பொருள்.

வந்தவருக்குக் கடிகாரம் வேண்டாம், புத்தகம்தான் வேண்டுமாம். என் தங்கை புருஷன் விட்டுவிட்டுப் போன பூகோள சரித்திரப் புத்தகம். தோல் அட்டை, தலையணை கனம், அச்சடித்து நூற்றைம்பது வருஷம் இருக்குமாம். மாப்பிள்ளை தபால் ஆபீசில் வெளிநாட்டுக் கடிதங்களை நாடுவாரியாகப் பிரித்து அடுக்குகிற வேலை பார்த்தவர். நடைபாதைக் கடையில் அதை வாங்கி வந்தார். அவர் அதைப் படித்து நான் பார்த்ததில்லை. திருத்திக்கொண்டேதான் இருந்தார்.

ஏதோ ஒரு நாடு பெயரை மாற்றிக்கொண்டது என்று ரேடியோவில் சொன்னால் போதும். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய், சின்னதாகக் காகிதம் வெட்டி, புதுப் பெயரை எழுதிப் பழைய பெயரின் மேல் ஒட்டுவார். மேல் விளிம்பில் மட்டும்தான் பசை. தூக்கிப் பார்த்தால் அடியில் பழசு தெரியும். விலாசம் மாறிய கடிதங்களுக்கு ஆபீசில் அப்படித்தான் ஒட்டுவார்களாம். ராஜா எவனாவது நாட்டை விட்டு ஓடினால் சரித்திரப் பக்கத்தில் ஒரு சீட்டு ஏறும்.

“ஊரான் வீட்டுக் கதவுக்கு நீங்க ஏன் மாப்ளே பெயிண்ட் அடிக்கிறீங்க?” என்று கேட்டிருக்கிறேன்.

“தப்பா இருக்கறதப் பார்த்துட்டு எப்படி மச்சான் தூங்கறது?” என்பார்.

அவர் வீட்டுக் குழாய் மாதக்கணக்கில் ஒழுகியது. அதைப் பார்த்துக்கொண்டு நன்றாகத்தான் தூங்கினார். குழாய் வேலை என் பிழைப்பு என்பதால் நான் போய் வாஷர் மாற்றினேன்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தங்கை இனி தன் மகள் வீட்டில் இருக்கப் போகிறாள். அங்கே அலமாரிக்கு இடம் இல்லை. புத்தகம் நல்ல இடத்துக்குப் போகணும், அவர் ஒட்டினதோடு போகணும் என்பதுதான் அவள் ஆசை.

வந்தவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பக்கங்களைத் திருப்பினார். பெருமூச்சு விட்டார்.

“அருமையான புத்தகம்மா. யாரோ சீட்டு ஒட்டிக் கெடுத்து வச்சிருக்காங்களே.”

“அந்த யாரோ அவ புருஷன் சார்,” என்றேன்.

இருமினார். “எங்ககிட்ட குடுத்தா ஒண்ணொண்ணா எடுத்துருவோம். சுத்தமாயிரும்.”

“எடுத்த சீட்ட என்ன பண்ணுவீங்க?” என்றாள் தங்கை.

“அது குப்பைதானேம்மா.”

“அப்ப வேணாம்.”

மனிதர் விடவில்லை. “ஒண்ணே ஒண்ணு எடுத்துக் காட்டறேன், பாருங்க” என்று பையிலிருந்து தூரிகையும் தகடும் எடுத்தார். ஏதோ ஒரு தீவின் பெயர். சீட்டு மேல் சீட்டாகத் தடித்திருந்த இடம். ஈரம் தடவித் தூக்கினார். மேல் சீட்டு அவர் விரலிலேயே கூழாகிப் போனது. அடியில் இன்னொன்று, அதற்கும் அடியில் ஒன்று, அதைத் தூக்கினால் அச்சு. கூழான சீட்டில் இருந்ததும் அச்சில் இருந்ததும் ஒரே பெயர்.

“தீவுக்காரங்க ஊரெல்லாம் சுத்திட்டு பழைய பேருக்கே வந்துட்டாங்க. இதுக்கு மாப்பிள்ளை சும்மா இருந்திருக்கலாம்,” என்றேன்.

தங்கை சிரிக்கவில்லை. “இப்ப நடுவுல இருந்த பேருதான் மேல தெரியுது. அது தப்பு. எழுதி ஒட்டுங்க.”

“நானா?”

“நீங்கதானே கிழிச்சீங்க?”

பசை, கத்தரிக்கோல், பேனா எல்லாவற்றையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். கையுறையைக் கழற்றினார். எழுதினார். கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

“முழுசா தடவாதீங்க, மேல மட்டும்,” என்றாள்.

ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தினார். எழுந்திருப்பார் என்று பார்த்தால் அடுத்த பக்கத்தைத் திருப்புகிறார்.

“இங்க தலைநகர் மாறியிருக்கேம்மா. போன வருஷம்.”

“அவர் அதுக்கு முந்தியே போயிட்டார்,” என்று கத்தரிக்கோலை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள். யாரும் சொல்லாமலே அதையும் எழுதி ஒட்டினார்.

பிறகு பையை மூடினார். நான் கேட்டேன்: “ஆபீசுல போய் என்ன சார் எழுதுவீங்க?”

“சீட்டு ஒட்டிச் சேதமாயிருக்குன்னு...”

“யார் ஒட்டினதுன்னு எழுதுவீங்க? அதுல ரெண்டு சீட்டு உங்க கையெழுத்து. பசை இன்னும் காயல.”

கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார்.

“குடுத்தா சீட்டோடதான் குடுப்பா. இல்லேன்னா எங்க வீட்டுப் பரண்ல போட்டுக்கறேன். அங்க எலி இருக்கு, நான் மறைக்கல.”

சீட்டோடு எடுத்துப் போனார். மாப்பிள்ளை பெயரையும் போடுகிறேன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனார். அவள் நம்பினாள். நான் நம்பவில்லை. கொஞ்ச நாள் விட்டு அருங்காட்சியகத்துக்கே போய்ப் பார்த்தேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் புத்தகம் விரிந்திருந்தது. பக்கம் முழுக்கச் சீட்டு. பக்கத்தில் ஒரு அட்டை. எழுத்துக்கூட்டிப் படித்தேன். மாப்பிள்ளை பெயர், தபால் ஊழியர், தம் கையால் திருத்தியது. ஒரு எழுத்தும் விடவில்லை.

அந்த ஆள் வந்து பக்கத்தில் நின்றார். “இப்ப நம்பறீங்களா ஐயா?”

“விரிச்சு வச்ச பக்கம் சரியாத்தான் இருக்கும்,” என்றேன். “மத்த பக்கத்துலயும் சீட்டு இருக்கான்னு திருப்புங்க, பார்ப்போம்.”

பெட்டிச் சாவி எடுத்து வரப் போனார்.