கண்ணாடித் தொட்டியில் கெளுத்தி

கச்சேரி உத்தியோகத்துக்குப் போகும்போது இல்லாத வேகம் அன்று நீலகண்ட பிள்ளைக்கு வந்திருந்தது. நெய்யாற்றின் தலைப்பக்கத்துக் காட்டோடையில் பிடித்த கெளுத்தி மீனைக் குடத்தில் விட்டு, வில்வண்டியில் மடியிலேயே வைத்துக்கொண்டு உதியன்குளங்கரை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அலமாரிக் கதவுகளின் கண்ணாடியைக் கழற்றி, குங்கிலியம் உருக்கி ஒட்டி, அவரே செய்த தொட்டி முன்னறையில் காத்திருந்தது. மீனை விட்டார். அது மீசையை விரித்துக் கூழாங்கற்களைத் தடவிப் பார்த்தது. பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை.

"சைவ வீட்டுக்குள்ள மீனாக்கும்," என்றாள் மனைவி உமையம்மாள்.

"திங்கவா கொண்டு வந்தேன்? பாக்கத்தானே."

"பாருங்க. ஆனா இந்தக் கூரைக்குள்ள ஒரு உயிரு செத்துதுன்னா, இனி தொட்டியும் இல்ல, மீனும் இல்ல."

அவள் சொன்னால் சொன்னதுதான். அலமாரிக்குக் கதவு போன கோபமும் அதில் சேர்ந்திருந்தது.

சித்திரை வெயிலுக்கு இதெல்லாம் தெரியுமா? மறுநாள் உச்சிக்குள் தண்ணீர் வெதுவெதுத்துவிட்டது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பசி என்று நினைத்தார் பிள்ளை. புழு பிடிக்கக் கை கூசியது. நெய்ச்சோற்றைப் பிசைந்து போட்டார், குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி. தண்ணீர் முழுக்க நெய் படர்ந்தது. மீன் ஒருபக்கமாகச் சாய்ந்தது.

அவருக்கு உயிரே போய்விட்டது. "வண்டி கெட்டச் சொல்லு. ஓடையிலேயே விட்டுட்டு வாறேன்."

"இந்த வெயிலிலயா? பாதி வழியில வெந்து போவும்."

உமையம்மாள் விறுவிறுவென்று பூஜை அறைக்குள் போனாள். திட்டு விழப்போகிறது என்று பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அவள் வந்தபோது கையில் தாராபாத்திரம் இருந்தது. கோடை முழுக்க வீட்டு லிங்கத்தின்மேல் சொட்டிக்கொண்டிருக்கும், அடியில் துளையிட்ட அதே செம்புப் பாத்திரம்.

விளக்குக் கொக்கியில் அதைத் தொட்டிக்கு நேரே மாட்டினாள். கிணற்றிலிருந்து புதிதாக இறைத்த தண்ணீரை ஊற்றினாள். பிள்ளை நெய்த்தண்ணீரை மொண்டு மொண்டு முற்றத்தில் கொட்டினார். சொட்டு விழ விழத் தொட்டி சிலிர்த்தது. இருவரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். மீன் புரண்டது, நிமிர்ந்தது, சொட்டு விழும் இடத்துக்கே நீந்தி வந்து, ஓடையை எதிர்த்து நிற்பதுபோல் நின்றது.

பிள்ளை குதிக்காத குறைதான். அப்புறந்தான் நினைவு வந்தது.

"சாமிக்கு?"

"சாமிக்கு ஊரெல்லாம் கோயில் உண்டு. இதுக்கு ஆரு உண்டு?"

அவள் கண்ணாடியருகே குனிந்தாள். "பயப்படாதே மக்கா," என்றாள் மீனிடம்.