கணவாய்க்கு இந்தப் பக்கம்

சமையலறை மேசையில் இத்தாலியின் வரைபடத்தை விரித்து, நான்கு மூலைக்கும் காபிக் கோப்பைகளை வைத்தபோது எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் ஒருவனோடு குடித்தனம் நடத்திவிட்டு, விடுமுறைக்கு ஒரு ஊரைக் காட்டத் திருடியைப் போல நடுங்குவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

விஷயம் இதுதான். எங்கள் மகள் ஹிஸ்கெ இத்தாலியில் ஒரு மலைக் கிராமத்தில் இருக்கிறாள். என் புருஷன் சீப்ரன் அவளோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது. வருகிற நவம்பரில் அவள் வீட்டுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அறை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் அவனுக்கே தெரியாமல் காரை அவள் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். இதுதான் என் திட்டம். வாசல் வரைக்கும் வந்துவிட்டால் பெற்ற மனம் காரைத் திருப்பாது என்று நம்பினேன். முன்கூட்டித் தெரிந்தால் அவன் வீட்டை விட்டே கிளம்ப மாட்டான்.

நீ மட்டும் போய்ப் பார்த்திருக்கலாமே என்று என் தங்கைகூடக் கேட்டாள். போயிருக்கலாம். ஆனால் நான் தனியாகப் போய் நின்றால், இந்தக் குடும்பம் இரண்டாகப் பிளந்தது பிளந்ததுதான் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். போனால் இரண்டு பேருமாகத்தான் போவது என்று வைத்திருந்தேன். பேத்தி எல்வீராவுக்கு மூன்று வயது முடியப்போகிறது. அவளை ஃபோனில் பார்த்ததோடு சரி.

சண்டை வந்தது மாடுகளால். வடக்கே, மலையே இல்லாத ஃபிரீஸ்லாந்தில் எங்களுக்குப் பால் பண்ணை இருந்தது. ஹிஸ்கெ பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே விடியற்காலையில் அப்பாவோடு தொழுவத்தில் நிற்பாள். எங்களுக்குப் பிறகு பண்ணை அவளுக்கு என்பதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை, அது அப்படித்தான். ஒரு கோடைக்கு இத்தாலியில் ஆட்டுப் பண்ணை பார்க்கப் போனவள், ஒத்தாவியோ என்று ஒருவனைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். மாடுகளை விற்றோம். லாரி வந்து கடைசி மாட்டையும் ஏற்றிக்கொண்டு போன அன்று சாயங்காலம் அவள் ஃபோன் செய்தாள். சீப்ரன் எடுத்து, அப்பா என்று அவள் கூப்பிட்டதும், "இங்க அப்படி யாரும் இல்ல" என்று வைத்துவிட்டான்.

மாடு இருந்தவரை நாங்கள் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. மாடு போன பிறகு ஒவ்வொரு நவம்பரிலும் காரை எடுத்துக்கொண்டு இத்தாலி போகிறோம். கூட்டமில்லாத காலம், சாலை காலியாக இருக்கும். ஒரே ஊரில் ஒரே கட்டில். தினமும் காலையில் வேறு வேறு சாலை. இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். ஊரை ஒரு வருஷம் அவன் தேர்ந்தெடுப்பான், ஒரு வருஷம் நான். ஏன் எப்போதும் அந்த நாட்டுக்கே போகவேண்டும் என்று கேட்டால், "சாலை நல்லா இருக்கு" என்பான். அவள் இருக்கும் மாவட்டத்துக்கு வடக்கே போயிருக்கிறோம், தெற்கே போயிருக்கிறோம், மேற்கே போயிருக்கிறோம். உள்ளே மட்டும் போனதில்லை. அந்தச் சுற்றல்தான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

இந்த வருஷம் என் முறை.

"இது என்ன ஊரு?" என்றான், நான் விரல் வைத்த இடத்தை எட்டிப் பார்த்து.

"மொந்தெவால்லா. மதிலுக்கு வெளியவே கார் நிறுத்தலாம். உள்ள போக வேண்டியதே இல்ல. கேமராக்காரன்கிட்ட மாட்டவும் வேண்டாம்."

முந்தின வருஷம் அவன் தேர்ந்தெடுத்த ஊரில் வெளியூர்க் கார் போகக்கூடாத கோட்டை வாசலுக்குள் தெரியாமல் காரை விட்டு, கேமராவில் சிக்கி, அபராதம் வீடு தேடி வந்தது. அதைச் சொன்னால் அவன் வாயை மூடிக்கொள்வான் என்று தெரிந்துதான் சொன்னேன்.

"ரொட்டிக் கடை திறந்திருக்குமா? போன தடவை நீ பிடிச்ச ஊர்ல குரைக்கிறதுக்கு ஒரு நாய்கூட இல்ல."

"திறந்திருக்கும். கேட்டுட்டேன்."

"ஏரிக்கரையில ஏதாவது பாரேன். தட்டையா இருக்கும், ஓட்டவும் சுகம்."

"தட்டையைப் பாக்க நம்ம வீட்டு ஜன்னல் போதாதா?"

அவன் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தான். மொந்தெவால்லாவிலிருந்து கிழக்கே, பழுப்பு நிறத்தில் மலை தீட்டியிருந்த இடத்தில், அவன் பார்வை ரொம்ப நேரம் நின்றது. எனக்கு வியர்த்தது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்குக் கிளம்புவதற்கு முன்பே பயம்.

"எதுக்கு இந்த ஊரு, ரிக்ஸ்ட்?"

"என் முறை. பிடிச்சிருக்கு."

கண்ணாடியைக் கழற்றி மடித்தான். "சரி. உன் முறைதானே" என்று எழுந்து போனான்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மொந்தெவால்லாவிலிருந்து ஹிஸ்கெ வீட்டுக்கு ஐம்பது நிமிஷம் என்று என் ஃபோன் காட்டியது. ஒரு கணவாய் ஏறி இறங்கினால் அவள் கிராமம். ஹிஸ்கெயிடம்கூட ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்பாள்.

நவம்பரில் போய்ச் சேர்ந்தோம். வீட்டுக்காரி ஓர்னெல்லா தடிமனான கம்பளிப் போர்வை இரண்டைக் கொடுத்து, "இந்த மாசத்துல இங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டாள். "சாலை நல்லா இருக்கு" என்றான் சீப்ரன். தெருவில் எங்களைத் தவிர வெளியூர்க்காரர் யாரும் இல்லை. ரொட்டிக் கடை மட்டும் திறந்திருந்தது, நல்லவேளை.

ஒவ்வொரு காலையும் வழக்கம்போல அவன் ஓட்டுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வேன். தெற்கே போனோம், மேற்கே போனோம். மதியம் ஏதாவது தேவாலயப் படிக்கட்டில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த கிராம்பு போட்ட சீஸை வெட்டி ரொட்டியில் வைத்துத் தின்றோம். அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. இவனுக்குத் தெரியுமோ, தெரியாதோ. ரொட்டிக் கடைக்குப் போன ஒரு காலையில் ஹிஸ்கெக்கு ஃபோன் செய்தேன்.

"வியாழக்கிழமை மத்தியானம் வரோம்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான்."

அந்தப் பக்கம் ஆட்டு மணிச் சத்தம் கேட்டது. "சரிம்மா" என்றாள்.

புதன்கிழமை முழுக்க மழை. வியாழக்கிழமை காலையில் வெயில் அடித்தது. நான் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டேன். சீப்ரன் அதைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.

ஊர் எல்லையில், "இடது பக்கம்" என்றேன். திருப்பினான். சாலை வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் குளிர் கூடியது. சாலையோரத்தில் முதலில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள், பிறகு ஒரேயடியாகப் பனி. கடைசி வளைவைத் தாண்டியதும், சாலைக்குக் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு இரும்புத் தடுப்பு, பூட்டுப் போட்டு. பக்கத்தில் ஒரு பலகை. அதில் எழுதியிருந்த ஒற்றை வார்த்தை மூடிக் கிடக்கும் கடைகளில் எல்லாம் ஐந்து வருஷமாக நாங்கள் பார்த்ததுதான்: மூடியிருக்கிறது. தடுப்புக்கு அப்பால் முழங்கால் அளவு பனி.

எங்கள் ஊரில் சாலை என்றால் வருஷம் முழுக்கச் சாலை. அங்கே உயரமான இடம் என்று சொன்னால் கால்வாய்ப் பாலம்தான். நவம்பர் வந்தால் ஒரு சாலையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது எனக்கு எப்படித் தோன்றும்? செப்டம்பரில் பார்த்த ஐம்பது நிமிஷத்தை நம்பி ஊரைத் தேர்ந்தெடுத்திருந்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டது என் புத்தி.

சீப்ரன் இன்ஜினை அணைத்தான். "திருப்பட்டுமா?" என்றான்.

அந்தக் குரலில் ஆச்சரியம் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. எங்கே போகிறோம் என்றும் கேட்கவில்லை, ஏன் மூடியிருக்கிறது என்றும் கேட்கவில்லை.

"உனக்குத் தெரியும்" என்றேன்.

அவன் ஒரு துணியை எடுத்து முன்கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தான்.

"சீப்ரன், என்னைப் பாரு. இது மூடியிருக்கும்னு உனக்குத் தெரியும்."

"முதல் பனி விழுந்ததும் மூடுவாங்க. அப்புறம் வசந்தத்துலதான் திறப்பாங்க. நீ ஊரைக் காட்டின அன்னிக்கே விசாரிச்சுட்டேன்."

"அதனாலதான் சரின்னியா?"

"வேணாம்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்ப. அழுதிருப்ப. இது சண்டையில்லாம முடிஞ்சுரும்னு பாத்தேன்."

வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்தது என்பார்கள். இங்கே தாழியை உடைத்தவன் என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். அவனை அறையலாம் போல இருந்தது. வெளிப்படையாக மாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். என்னை நாலு நாள் கனவு காணவிட்டு, நல்ல கோட்டோடு இந்தத் தடுப்பு வரைக்கும் வளைவு வளைவாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

"சுத்தி வேற வழி இருக்கும்ல?"

"இருக்கு. கீழே போயி சுரங்கப்பாதை வழியா. நாலு மணி நேரம். போய்ச் சேரவே பொழுது சாஞ்சுரும்."

"போ."

"நான் ஓட்ட மாட்டேன்."

"பேத்தியைப் பாக்கணும்னு உனக்கு இல்லவே இல்லையா?"

"இல்லைன்னு யாரு சொன்னா?" அவன் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அந்த வாசல்ல நின்னு நான் என்ன சொல்றது, ரிக்ஸ்ட்? மாட்டையெல்லாம் வித்தாச்சு, ஆடு நல்லா கறக்குதான்னா?"

"அதையே கேளு. அவ சிரிப்பா."

"எனக்கு வராது."

"இத்தனை வருஷமா அந்த ஊரைச் சுத்திச் சுத்தி வர மட்டும் வருதா?"

காரைத் திருப்பினான். மொந்தெவால்லா மதிலுக்கு வெளியே, வழக்கமான இடத்தில் நிறுத்தினான்.

"சாவியைக் கொடு" என்றேன்.

"நீ இந்த நாட்டுல ஓட்டினதே இல்ல."

"டிராக்டர் ஓட்டியிருக்கேன். உன்னையும் ஓட்டியிருக்கேன் இத்தனை வருஷம். கொடு."

"இருட்டிடும்."

"இருட்டட்டும்."

சாவியைக் கொடுத்தான். இறங்கி, என் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். நான் இறங்கிச் சுற்றிப்போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைச் சரிசெய்தேன். ஏறிக்கொள், ஏறிக்கொள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். வாய் விட்டுக் கேட்கவில்லை. கேட்டு அவன் மாட்டேன் என்றால் எனக்கு ஓட்டக் கை வராது. அவன் பக்கத்து இருக்கைக் கதவை மெதுவாகச் சாத்தினான். வெளியில் நின்றுகொண்டு.

அந்தப் பயணத்தைப் பற்றி என்ன சொல்ல? சுரங்கப்பாதைக்குள் லாரிகள் முதுகில் ஏறுவது போல வந்தன. பிரியும் வழி ஒன்றைத் தவறவிட்டு, வெகுதூரம் போய்த் திரும்பி வந்தேன். வழி சொல்லப் பக்கத்தில் ஆளில்லை என்று ஒரு தடவை அழுகை வந்தது. எதிரில் லாரி வந்ததால் அதையும் அடக்கிக்கொண்டேன். நேரமாகும் என்று மட்டும் ஹிஸ்கெக்குச் செய்தி அனுப்பினேன். போகிற வழியெல்லாம் ஒரே கவலைதான். அப்பா எங்கே என்று கேட்பாளே, நான் என்ன சொல்வேன். காய்ச்சல் என்று சொல்லலாமா, முதுகுவலி என்று சொல்லலாமா. பொய்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் கிராமத்தில், அவள் வீட்டு முற்றத்தில் போய் நின்றேன். விளக்குப் போட்டிருந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஹிஸ்கெ வாசலில் நின்றாள். தொழுவத்தில் போடும் ரப்பர் பூட்ஸ். மெலிந்திருந்தாள். அவள் பார்வை காரின் அந்தப் பக்கக் கதவுக்குப் போனது. நான் இறங்கினேன். அந்தக் கதவு திறக்கவில்லை.

"அப்பா வரல" என்றேன். யோசித்து வைத்த பொய் ஒன்றும் வரவில்லை. "உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. கிளம்பினார், ஆனா மனசு வரல. நான் எவ்வளவோ பாத்தேன். ரெண்டு பேருமா வரணும்னுதான் இத்தனை வருஷமா..."

"அவர் வரமாட்டார்னு எனக்குத் தெரியும்மா." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "அவரை நான் எதிர்பாக்கவே இல்ல. அவரு கோபம் எனக்குப் புரியுது, மாடுன்னா அவருக்கு உசுரு. உன்னைத்தான் எனக்குப் புரியல. ஆறு வருஷமா நான் பாத்துக்கிட்டு இருந்தது உன் வழியைத்தான்."

நான் வாயைத் திறந்தேன். என்னிடம் காரணம் இருந்தது, தங்கையிடம் எத்தனையோ முறை சொன்ன காரணம். அந்த முற்றத்தில், என் பெண்ணின் முகத்துக்கு நேரே, அது வாய்க்கு வரவில்லை. இரண்டு பேரையும் சேர்த்துவைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஆறு வருஷம் அவளைத் தனியாக விட்டிருந்தேன்.

"உள்ள வா, குளிருது" என்று ஹிஸ்கெ குழந்தையை என் கையில் கொடுத்தாள். எல்வீரா என் முகத்தைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். என்னை அவளுக்குத் தெரியாதே.