தோற்பவரின் கட்டு

அன்றைய கூட்டத்துக்குப் பதினோரு வீட்டாரும் வந்திருந்தார்கள். மண்டபத்தின் நடுவே மண்ணெண்ணெய் அடுப்பு. அதற்கு நேர் எதிரே, முதுகைச் சாய்க்கச் சுவர் கிடைக்கிற இடத்தில், குடியிருப்புத் தலைவர் குமாகாய். அவருக்கு வலப்பக்கம் மீனவர் சங்கத்து ஆட்கள். இடப்பக்கம் வயதில் மூத்த ஆண்கள், மரியாதை வரிசைப்படி. பெண்கள் சன்னலோரம். குமாகாயின் மனைவி மினெகோ மட்டும் கதவருகே, தேநீர்த் தட்டோடு. யார் எப்போது எழுந்து போகிறார்கள் என்று அங்கிருந்து தெரியும். கினுயோவின் சந்துமுனையில் இருக்கும் விதவை சுயே அடுப்பை ஒட்டி. போன தேர்தல் சமயம் பக்கவாதம் வந்ததிலிருந்து அந்த இடம் அவளுக்கு. கினுயோ, தூணுக்குப் பின்னால். அங்கே இருந்தால் தலைவரின் முகம் தனக்குத் தெரியாது, தன் முகமும் தலைவருக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டிருந்தாள்.

கணக்கு பலிக்கவில்லை.

"தூண்கிட்டயா பேசறது கினுயோ அக்கா? கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க" என்றார் குமாகாய். எல்லோரும் சிரித்தார்கள். கினுயோவும் சிரித்தபடி முழங்காலால் நகர்ந்து முன்னால் வந்தாள்.

"ஒரே நாள்ல ரெண்டு தேர்தல். பாராளுமன்றம் ஒண்ணு, நம்ம நகரத் தலைவர் ஒண்ணு. குழப்பிக்க ஒண்ணுமில்ல. மேல எந்தக் கட்சியோ கீழயும் அதே. குழாய் நேரா இருந்தாதான் தண்ணி வரும். ஒனோதேராவே மறுபடி நகரத் தலைவர் ஆகட்டும், சுரங்கப்பாதை நம்ம மலைக்குள்ள வந்துரும்."

"அந்த நர்ஸம்மா நுமாதாவும் எதிர்த்து நிக்கறாங்களே?" என்று சங்கத்து ஆள் ஒருவன் கேட்டான். கேட்டதே குமாகாய் பதில் சொல்வதற்காகத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"நல்ல பொம்பளதான். எனக்கே ஊசி போட்டிருக்கா. ஊசி போட்டவங்களுக்கெல்லாம் ஓட்டுப் போடறதுன்னா, நம்ம மாட்டு டாக்டர் எப்பவோ மந்திரியாகியிருப்பான்."

சிரிப்பு அடங்குவதற்குள் மினெகோ தேநீரை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "உங்க வீட்டுல ரெண்டு ஓட்டு இல்லையா அக்கா? படுத்திருக்கற அண்ணனோடது தபால்ல வருதாமே?"

"வந்திருச்சு."

"நீங்கதானே எழுதிக் குடுக்கறது?"

"அவர் சொல்றத நான் எழுதறேன். அவ்வளவுதான்."

"கண்ணால சொல்றதயே எழுதறீங்க. எங்க வீட்டுல நான் வாயத் தொறந்து கத்தினாலும் இவருக்கு விழாது!"

"அக்கா எழுத்தப் பத்திக் கேக்கணுமா?" என்றார் குமாகாய். "எங்க அப்பா சாவுக்கு வந்த பண உறை பாதியில அவங்க எழுத்துதான். ஓட்டு எண்ணிக்கைக்கு இந்தத் தடவையும் நான்தான் முகவர். மேசைக்கு அந்தப் பக்கம் நின்னே சொல்லிருவேன், இது கினுயோ அக்கா கைன்னு."

பாராட்டைப் போலவே சொன்னார். கினுயோ தலை குனிந்து நன்றி சொன்னாள்.

வேட்பாளர் பெயரைக் கையால் எழுதிப் பெட்டியில் போடுகிற ஊரில் எழுத்துதான் முகம். முப்பது வருஷம் மீனவர் சங்க அலுவலகத்தில் எழுதியவள் கினுயோ. கல்யாணம், சாவு, பிள்ளை பள்ளியில் சேர்வது, எதற்கு உறை நீட்ட வேண்டுமானாலும் ஆட்கள் அவளிடம்தான் வருவார்கள். பக்கவாட்டுக் கோடுகள் வலது முனையில் லேசாய் மேலேறும். கடைசி இழுப்பு வாலைப் போல் நீளும். கிதானோசே குடியிருப்பில் பிறந்த குழந்தைகூட அதைப் பார்த்திருக்கும்.

ஜெயிக்கிறவரின் கட்டில் யாரும் எழுத்தைப் பார்ப்பதில்லை. நூறு நூறாகக் கட்டித் தள்ளிவிடுவார்கள். இந்தப் பகுதிப் பெட்டியில் தோற்பவரின் கட்டு எப்போதும் சிறியது. முகவர்கள் அதைச் சுற்றி நின்று ஒவ்வொரு தாளாகப் பார்ப்பார்கள். போன தேர்தலில் தச்சர் கென்பாச்சி மாட்டியது அப்படித்தான். அவர் எழுதினால் எழுத்துகள் மரத்தில் செதுக்கியது போல மூலைமூலையாய் இருக்கும். யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தையில் பார்த்தால் வணக்கமும் சொன்னார்கள். அந்தக் குளிர்காலத்தில் குமாகாயின் பனி தள்ளும் வண்டி மட்டும் அவர் சந்துமுனை வரை வந்து திரும்பிப் போனது. "மறந்துட்டேன் அண்ணே, நாளைக்கு" என்பார் குமாகாய். நாளைக்கும் மறந்தார். இடுப்பளவு பனியை ஒற்றை ஆளாய்த் தள்ளித் தள்ளி, மார்ச் மாதம் கென்பாச்சி கதவுக்குக் குறுக்கே பலகை அடித்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பலகை இன்னும் இருக்கிறது.

கினுயோவின் சந்து கென்பாச்சியுடையதைவிட நீளம். வாரத்தில் இரண்டு நாள் நகர மருத்துவமனையிலிருந்து நர்ஸின் வண்டி அதில் வர வேண்டும். படுக்கையில் கிடக்கும் கணவர் தெய்ஜிரோவின் மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்ய, புண் கட்ட, குளிப்பாட்ட. வண்டி நுழையாவிட்டால் அவர் வீட்டில் இருக்க முடியாது. இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், ஒனோதேரா ஜெயித்தால் ஏப்ரலோடு வீட்டுக்கு வரும் நர்ஸ் சேவை நிற்கும். செலவு கட்டுப்படியாகவில்லை என்று துண்டறிக்கையிலேயே, அழகான பூப்படத்துக்குக் கீழே, அச்சடித்திருந்தார்கள். 'சிரமமான நோயாளிகள் பெருநகர மருத்துவமனைக்கு மாற்றப்படுவார்கள்.' அந்த மருத்துவமனையைக் கினுயோ பார்த்திருக்கிறாள். ஓர் அறைக்கு எட்டுக் கட்டில். எட்டுப் பேரும் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். கண்ணால் பேசுகிறவரின் கண்ணெதிரே நின்று பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை.

நுமாதா ஜெயித்தால் நர்ஸ் வருவாள். நுமாதாவுக்கு எழுதினது தெரிந்தால் வண்டி வராது. கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தாள். எப்படி நினைத்தாலும் கடைசியில் தெய்ஜிரோவின் கட்டில் வாசலுக்கு வெளியேதான் போய் நின்றது.

மறுநாள் காலை சுயே வந்தாள், வீடுவீடாகப் போகும் சுற்றறிக்கைப் பலகையும் ஊறவைத்த முள்ளங்கியுமாக. பார்த்ததற்குப் பலகையில் அடையாளம் வைக்க வேண்டும்; எல்லா வீட்டிலும் முத்திரை குத்துவார்கள், சுயே மட்டும் இப்போது எழுதுகிறாள்.

"கை பழகட்டும்னுதான்டி. போன தடவை ஆஸ்பத்திரியில கெடந்தேன். இந்தத் தடவை நானே போய் நிப்பேன். அந்தப் பொடியன் அதிகாரி, 'பாட்டி, நான் எழுதித் தரட்டுமா'ன்னு வருவான் பாரு, போடா பால்குடிப் பயலேன்னு சொல்லிருவேன்."

"யாருக்குப் போடப் போறீங்க?"

"இதென்ன கேள்வி? ஒனோதேரா. குமாகாய்தான் என் கூரைப் பனியத் தள்றான். எனக்குன்னு கட்சி ஏது? கூரைதான் கட்சி."

சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பலகையில் எழுதினாள். கோடுகள் நடுங்கி நடுங்கிக் கீழே சரிந்தன. எழுதி முடித்துக் கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டாள். "படிக்க முடியுதில்ல?"

"நல்லாவே முடியுது அக்கா."

சுயே போனபிறகு கினுயோ கட்டிலருகே சின்ன மேசையை இழுத்துப் போட்டாள். தெய்ஜிரோ விழித்திருந்தார். நான்கு வருஷத்துக்கு முன் வலை இழுத்த கைகள் போர்வையின் மேல் வைத்தது வைத்தபடி இருந்தன. எழுத்துகள் எழுதிய கண்ணாடிப் பலகையை அவர் முகத்துக்கும் தன் முகத்துக்கும் நடுவே பிடித்தாள். அவர் பார்வை எந்த எழுத்தில் நிற்கிறதோ அதை அவள் உரக்கச் சொல்வாள். சரி என்றால் ஒரு இமைப்பு.

"முதல்ல பாராளுமன்றம். ஆளு?"

அவர் எழுத்தெழுத்தாய்க் காட்டினார். சுரங்கப்பாதைக் கட்சியின் ஆள்.

"அவனா! ஏங்க, அவன் கைகுலுக்கிட்டு காற்சட்டையில துடைச்சுக்கிட்டான்னு திட்டினீங்களே!"

கண்களில் சிரிப்பு வந்தது. பிறகு காட்டினார்: *ஊர் கேக்குது. குடுத்துடு.*

"அடுத்தது, கட்சிப் பேர் எழுதற தாள்?"

*எது கொறச்சலாப் பொய் சொல்லுது?*

"அதுக்குத் தனித் தாள் குடுக்கலையே."

அதிலும் அதே கட்சியைக் காட்டினார். கினுயோ வலக்கையால் அழகாக எழுதினாள். பெரிய இடத்து ஓட்டில் அவருக்கு அக்கறை இல்லை. தலைநகரத்தில் யார் உட்கார்ந்தாலும் இந்தக் கட்டிலுக்கு என்ன. மூன்றாவது தாளை எடுத்தாள்.

"நகரத் தலைவர்" என்றாள்.

*நு.*

"நல்லா யோசிச்சீங்களா? குமாகாய் நிப்பார் அங்க."

*மா. தா.* பிறகு நிறுத்தாமல்: *அங்க போக மாட்டேன். இங்கயே சாகணும்.*

பென்சிலை இடக்கைக்கு மாற்றினாள். தெய்ஜிரோ புருவத்தைச் சுருக்கப் பார்த்தார்.

"என் எழுத்து தெரியக் கூடாதில்ல? இப்படி எழுதினா யாருதுன்னு சொல்ல முடியாது."

தாள் நகராமல் வலக்கையால் அழுத்திக்கொண்டு, நுமாதா என்று எழுதினாள். வியர்த்துவிட்டது. எழுதியதை அவர் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினாள். குழந்தை கிறுக்கினது போல இருந்தாலும் பெயர் பெயராகத்தான் இருந்தது. அவள் முகத்தில் தன்னை மீறி ஒரு சந்தோஷம்.

அவர் சந்தோஷப்படவில்லை. கண்கள் கண்ணாடிப் பலகையைத் தேடின. கினுயோ பலகையைப் பிடித்தாள்.

*சு. யே.*

"சுயே அக்காவா? அவங்களுக்கென்ன?"

அவர் மேசைப்பக்கம் பார்த்தார். அங்கே சுயே விட்டுப்போன சுற்றறிக்கைப் பலகை கிடந்தது. கினுயோ ஓட்டுத் தாளை அதன் பக்கத்தில் வைத்தாள். அதே நடுக்கம். அதே கீழ்நோக்கிய சரிவு. இந்தக் குடியிருப்பில் இப்படி எழுதுகிற கை ஒன்றே ஒன்றுதான் என்று எல்லோருக்கும் தெரியும். பலகை வாராவாரம் பதினோரு வீட்டுக்கும் போகிறது.

சுயேயின் நிஜமான தாள் ஒனோதேராவின் கட்டில் நூறோடு நூறாய்ப் போய்விடும், யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். இந்தத் தாளைப் பார்ப்பார்கள், சுயேயின் கை என்பார்கள்.

"வேற தாள் கேக்கலாம்" என்றாள். சொல்லும்போதே தெரிந்தது. தேர்தல் அலுவலகத்தில் தாள் கொடுப்பவள் மினெகோவின் தங்கை மகள். ஏன், என்ன எழுதிக் கெடுத்தீங்க அத்தை என்று கேட்பாள். அடித்துவிட்டுப் பக்கத்தில் வலக்கையால் எழுதலாம்; அது செல்லும். அப்படி எழுதினால் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றே குமாகாய் சொல்லிவிடுவார்.

பென்சிலை வலக்கையில் எடுத்தாள். நுனி தாளைத் தொட்டது. கோடு விழவில்லை. வெளியே சந்தில் வண்டியின் உறுமல் கேட்டது. குமாகாய்தான். பனியைச் சீராக இரண்டு பக்கமும் ஒதுக்கிக்கொண்டு, வாசல் வரை வந்து, திரும்பும்போது பழக்கப்படி இரண்டு முறை ஒலி எழுப்பிவிட்டுப் போனார். கினுயோவும் பழக்கப்படி சன்னல் வழியே தலை குனிந்து வணங்கினாள்.

*அனுப்பாதே* என்று காட்டினார் தெய்ஜிரோ.

"அனுப்பலைன்னா ஏப்ரல்ல?"

*அனுப்பாதே.*

"போன தடவை ஒனோதேரா எத்தனை ஓட்டுல தப்பிச்சான் தெரியுமில்ல? ஒரு படகுல ஏத்திரலாம் அத்தனை பேரையும். ஒரு ஓட்டுல என்னன்னு நெனைக்கறீங்களா?"

அவர் பலகையைப் பார்க்கவில்லை.

"சுயே அக்காவுக்கு நான் தள்றேன் பனிய. தெனம் காலையில போயி நானே..." நிறுத்தினாள். தெய்ஜிரோவை மூன்று மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் போட வேண்டும். இந்த வாசலையே அவளால் தள்ள முடியாது, கூரையில் எங்கே ஏறுவது. அது அவருக்கும் தெரியும். "அவங்களுக்கு மகன் இருக்கான். கூட்டிட்டுப் போவான்."

அந்த மகன் அப்பாவின் சாவுக்கு வந்தவன், அப்புறம் வரவில்லை.

தெய்ஜிரோ கண்ணை மூடிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அதற்குப் பொருள். இந்த வீட்டில் அவர் சாத்த முடிந்த ஒரே கதவு அதுதான். கினுயோ பலகையைப் பிடித்தபடியே நின்றாள், கை வலிக்கும் வரை. திறக்கவில்லை. கண்ணோரம் ஈரம் இறங்கியபோது துணியால் ஒற்றி எடுத்தாள். எப்போதும் செய்கிற வேலைதான்.

"எழுதச் சொன்னது நீங்க. நீங்க சொன்னதத்தான் எழுதியிருக்கேன்."

தாளை மடித்து உள்ளுறையில் போட்டு ஒட்டினாள். அதை வெளியுறையில் இட்டாள். வெளியுறையில் வாக்காளர் பெயரும் எழுதிக் கொடுத்தவர் பெயரும் வேண்டும். அங்கே ஒளிக்க ஒன்றுமில்லை; எண்ணும் முன் அது தனியே பிரிந்துவிடும். வலக்கையால், ஒரு கோடும் பிசகாமல், தெய்ஜிரோவின் பெயரை எழுதினாள். கீழே தன் பெயரை. பக்கவாட்டுக் கோடுகள் லேசாய் மேலேறின. பாராளுமன்றத்து உறைகளையும் ஒட்டி ஒன்றாய் அடுக்கினாள்.

அவரை வலப்பக்கம் புரட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, மூச்சு இயந்திரத்தின் எண்ணைப் பார்த்துவிட்டு, மேலங்கியை மாட்டினாள். சுற்றறிக்கைப் பலகையைக் கக்கத்தில் இடுக்கினாள். அடுத்த வீட்டுக்கு அதைக் கொடுத்தாக வேண்டும்.

சந்து சுத்தமாக இருந்தது. சறுக்கக்கூட இல்லை. சந்துமுனைச் சிவப்புத் தபால் பெட்டியின் வாயில் உறைந்திருந்த பனியை விரலால் சுரண்டினாள். எதிர்ச் சன்னலில் சுயே நின்று கையாட்டினாள், நல்ல கையால். கினுயோவும் கையாட்டினாள். பிறகு உறைகளை உள்ளே விட்டாள். கடைசி உறை விளிம்பில் சிக்கி நின்றது. அதை உள்ளங்கையால் அழுத்தித் தள்ளினாள்.