சாவிகெ ஓட்டு

நான்காவது வார்டே இனி கிடையாது என்ற செய்தி ஆஞ்சப்பனுக்குக் கம்பெனி பஸ்ஸில்தான் கிடைத்தது. ஊராட்சியை ஓசூர் மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்களாம். மற்றவர்கள் வீட்டுவரி ஏறுமே என்று புலம்ப, இவருக்கு வேறு கவலை. தோற்றவருக்குத் தோற்ற வார்டாவது மிஞ்ச வேண்டாமா? போன வார்டு தேர்தலில் ஏணிச் சின்னத்தில் முனிவேல் நூற்று நாற்பத்திரண்டு; சாவிச் சின்னத்தில் ஆஞ்சப்பன் நூற்று நாற்பத்தொன்று. அந்த ஒரு ஓட்டு, இரண்டு சீட்டுக்கு முன்னால் ஜன்னலோரம் ராமப்பன் உருவில் தூங்கிக்கொண்டிருந்தது.

ராமப்பனும் இவரும் இருபது வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். தேர்தலுக்கு முந்தின நாள் முனிவேல் வீட்டுப் பிரியாணியில் ராமப்பன் கை நனைத்ததை யாரோ பார்த்துச் சொன்னார்கள். "சாமி சத்தியமா உனக்குத்தாண்ணா போட்டேன்" என்று ராமப்பன் எவ்வளவோ கெஞ்சினார். ஆஞ்சப்பன் நம்பவில்லை. ஐந்து வருஷமாகப் பேச்சில்லை. ராமப்பன் மகள் சுசித்ரா கல்யாணத்துக்குக்கூடப் போகாமல், மண்டபத்துச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டே வீட்டில் உப்புமா தின்றார். ராமப்பன் இல்லாமல் மதியச் சோறு தொண்டையில் இறங்கவில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டில் மனைவி சென்னம்மா களி கிண்டிக்கொண்டிருந்தார். ஆனேக்கல் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர், தாய்மொழி கன்னடம். வார்டு போன சேதியை ஆஞ்சப்பன் சொன்னார்.

"வார்டே இல்லன்னா, அந்த ஓட்டுச் சீட்டையெல்லாம் இனிமே யாரும் எடுத்துப் பாக்க மாட்டாங்களா?"

"யாரு பாக்கப் போறாங்க?"

"அப்போ சொல்லிடறேன். ஏணில குத்துனது நானு."

ஆஞ்சப்பன் களிக் கரண்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஏன் என்று கேட்டார்.

தப்பு மைக்கில் தொடங்கியிருக்கிறது. தமிழ் வார்த்தைக்குப் பின்னால் ஒரு 'கெ' சேர்த்தால் கன்னடமாகிவிடும் என்பது ஆஞ்சப்பனின் நம்பிக்கை. கன்னடக்காரர்கள் தெருவில் ஆட்டோவில் மைக் கட்டி, "சாவிகெ ஓட்டு ஹாக்ரி!" என்று மூன்று நாள் முழங்கினார். கன்னடத்தில் அதற்குச் சாவுக்கு ஓட்டுப் போடுங்கள் என்று அர்த்தம்.

"நீங்க பூட்டுச் சாவியத்தான் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாதா? ஆனா ஓட்டுக் குத்துற முத்திரையக் கையில எடுத்ததும் அந்த மைக்குச் சத்தந்தான் காதுல கேட்டுச்சு. கட்டுன புருசனுக்கு என் கையால சாவுன்னு குத்துவேனா?"

ஆஞ்சப்பனுக்குக் கோபம் வந்தது, வந்த வேகத்தில் போனது. தன் உயிருக்காக வார்டையே விட்டுக்கொடுத்தவளை என்னவென்று திட்டுவது? சத்தியம் பண்ணிக் கெஞ்சிய ராமப்பன் முகம் ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வாசலில் இவரைக் கண்டதும் ராமப்பன் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிருண்ணா! பிரியாணி தின்ன பாவத்துக்கு ஏணிலதான் குத்தினேன். உங்கிட்ட பொய்ச் சத்தியம் பண்ணிட்டு அஞ்சு வருசமா தூக்கமே இல்லண்ணா."

ஆஞ்சப்பன் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பு நாக்கு நுனியில் இருந்தது. அதை அப்படியே விழுங்கினார்.

"அட, விடு ராமப்பா" என்றார், பெரிய மனசோடு. "வார்டே போயிருச்சு."

ராமப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்ட்டுட்டுத்தான் போவணும்" என்று வாசலில் மேய்ந்த சேவலைப் பிடிக்கப் பாய்ந்தார். அது இறக்கையை அடித்துக்கொண்டு தெருவில் நின்ற வண்டிகளுக்கு நடுவில் புகுந்தது. ஆஞ்சப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, மறுபக்கம் போய் மறித்தார்.