பேனரில் வெளுத்த முகம்

சிவகாசியில் அச்சகக் கணினி முன்னால் உட்காரும் எல்லோருக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. கல்யாணப் பெண்ணோ காதுகுத்துப் பிள்ளையோ, யார் படம் வந்தாலும் முதலில் முகத்தைக் கொஞ்சம் வெளுத்துவிடுவார்கள். கேட்காமலே செய்வதுதான் மரியாதை என்று ஆகிவிட்டது. பதினோரு வருடமாக இந்த வேலை பார்க்கும் பாண்டிமீனா எத்தனை ஆயிரம் முகங்களை வெளுத்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

அன்று அவள் திரையில் இருந்தது சொந்த மகள் ஓவியாவின் படம். ஏழு வயது. ஞாயிற்றுக்கிழமை எம். புதுப்பட்டியில் காதுகுத்து. ஓவியாவின் அப்பா பராக்கா, தான்சானியா நாட்டில் டாங்கா என்ற ஊர்க்காரர். அங்குள்ள பள்ளிகளுக்கு நோட்டுப் புத்தகம் ஆர்டர் கொடுக்க இந்த அச்சகத்துக்கு வந்தவர், பாண்டிமீனாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். பிள்ளைக்கு அப்பாவின் சுருட்டை முடி, அப்பாவின் அகன்ற மூக்கு, அம்மாவின் கண். பாண்டிமீனா ஒன்றும் சிவப்பில்லை. ஆனால் நம் ஊரில் கறுப்பானவர்களுக்கே கறுப்பைப் பிடிப்பதில்லை. அது தனிக் கொடுமை.

முகத்தை வெளுத்தவளின் கை அதோடு நிற்கவில்லை. முடியை நேராக்கி இரட்டைச் சடை ஒட்டினாள். மூக்கையும் ஒடுக்கினாள். சொந்தக்காரர்கள் பிள்ளையை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். பாசம்தான், வேறொன்றும் இல்லை. பாசமும் இப்படித் தப்புச் செய்யும்.

ஞாயிறு காலை கோயில் வாசலில் பத்தடி பேனர் நின்றது. பாண்டிமீனாவின் அத்தை மாடத்தி வாயைப் பிளந்தாள். "நம்ம ஓவியாவா இது? எம்புட்டு அழகா இருக்கா!"

ஓவியா பேனரை விட்டு நகரவே இல்லை. அப்போது பராக்கா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கலர் சோடா பாட்டில் பெட்டியோடு வந்தார். இந்த ஊர்த் தமிழ் அவருக்கு நன்றாகவே ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏத்தா, மாமா தேடுறாக. வா."

ஓவியா அவர் வேட்டியைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள். "அப்பா, நீங்க இங்கன நிக்காதீக. நாம வந்த வேன்ல போயி உக்காருங்க."

"எதுக்குத்தா?"

"படத்துல இருக்கற பிள்ளைக்கும் உங்களுக்கும் சாடையே ஒட்டலப்பா. எல்லாரும் சிரிப்பாக."

பராக்கா பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு வேன் பக்கம் நடந்தார்.

மூன்றடி தள்ளி நின்ற பாண்டிமீனாவுக்கு எல்லாம் கேட்டது. உள்ளே தாய்மாமன் சங்கிலிமுத்து பட்டு வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பட்டாசுக் கம்பெனி வேலைக்காரன். எவ்வளவு தேய்த்தும் விரலில் மருந்தின் வெள்ளி நிறம் போகவில்லை. காது குத்தும் ஆசாரி ஊசியோடு காத்திருந்தார்.

"நேரமாச்சு மீனா, பிள்ளையக் கொண்டா," என்று சங்கிலிமுத்து குரல் கொடுத்தான்.

"இருண்ணே," என்றவள் ஆசாரியிடம் கத்தரியை வாங்கி வந்து பேனரின் கயிற்றை வெட்டினாள். பேனர் சரிந்தது.

"ஐயோ, என் படம்!" என்று ஓவியா அலறினாள்.

"அது உன் படம் இல்லத்தா. அம்மா செஞ்ச பொய்யி."

"அப்ப என் படம் நல்லா இல்லையாம்மா?"

பாண்டிமீனா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நல்லாத்தான் இருந்துச்சு. மத்தவுக கேலி பேசிருவாகன்னு பயந்து, அவுகளுக்கு முந்தி நானே உன்னைய அழிச்சுப்புட்டேன்."

ஓவியா விசும்பினாள். "பள்ளிக்கூடத்துல எந்த ஊருன்னு கேக்குறாக. புதுப்பட்டின்னா சிரிக்கிறாக. அப்பா ஊருக்கு நான் போனதே இல்ல. நான் என்னன்னு சொல்ல?"

இரண்டு வருடமாகப் பிள்ளை இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதெல்லாம் கண்டுக்கிடாத என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள் பாண்டிமீனா. இன்று போக இடமில்லை.

"ரெண்டையும் சொல்லு. புதுப்பட்டியும் உன் ஊரு, டாங்காவும் உன் ஊரு. இந்த முடி டாங்காவுல இருக்கற உங்க அப்பத்தா முடி. இந்தக் கண்ணு என் கண்ணு. நீ பாதி அங்கன, பாதி இங்கன இல்ல. ரெண்டும் உனக்கு முழுசாச் சொந்தம். யாராச்சும் சிரிச்சா, வந்து என்கிட்டச் சொல்லு. இனி நான் ஓட மாட்டேன்."

ஓவியா வேனை நோக்கி ஓடினாள். அங்கே என்ன பேசினாளோ, பராக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைத் தூக்கி வந்தார்.

"மாப்பிள்ளை, இங்கன எம் பக்கத்துல உக்காருங்க. கைய நீங்க பிடிச்சாத்தான் அவ அழ மாட்டா," என்றான் சங்கிலிமுத்து. மாமன் மடியில் பிள்ளை, அவள் கை அப்பாவின் கையில். ஊசி இறங்கியபோது ஓவியா வீரிட்டாள், ஆனால் அந்தக் கையை விடவில்லை.

மாடத்திக்கு மட்டும் ஆறவில்லை. "ஒரு படத்துக்குப் போயி இம்புட்டுக் கூத்தா?"

பாண்டிமீனா நிமிர்ந்து பார்த்தாள். "படத்துக்காக இல்ல, அத்தை. நாம பிள்ளைய எப்படிப் பாக்குறமோ அப்படித்தான் அது தன்னையும் பாக்கும். நான் அது மொகத்தை மறைச்சேன். அது தன்னைப் பெத்த அப்பனையே மறைக்கப் பாத்துச்சு."